அஜீசுன்னிசாவின் மோரிஸும் ஐந்து ஃபில்டர்களும்

எங்கள் தெருவில் ஒருவர் உபகாரியா இல்லையா என்று அறிய அவருடைய உள்ளங்கையைப் பார்த்தால் போதும். பச்சைப் பெயிண்ட் பொடி ஒட்டியிருந்தால் உபகாரி. எதிர்வீட்டு அஜீசுன்னிசாவின் மோரிஸ் மைனரைத் தள்ளிவிட்டு வருகிறார் என்று அர்த்தம். என் உள்ளங்கை சில வருஷங்களாகவே பச்சைதான். நான் திருஞானசம்பந்தம், நெரவிக்காரன். ஓர் அரசாங்க ஆபீஸில் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற பிறகு, காரைக்காலில் வீடு கட்டிக் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படிக்கலாம் என்று வந்தேன். எதிர்வீட்டில் ஒரு பழைய கார் இருப்பதை மனை வாங்கும்போது யாரும் சொல்லவில்லை.

அஜீசுன்னிசாவுக்கு அறுபது நெருங்குகிறது. கணவர் நூகு குவைத்தில் ஒரு பெரிய கடையில் ஸ்டோர் கீப்பர். கல்யாணமான மறு வருஷமே விமானம் ஏறியவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். கொண்டுவந்த பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள் திரும்பிப் போய்விடுவார். அப்படி வந்த ஒரு லீவில்தான், பாரீசுக்கே குடிபெயர்ந்துவிட்ட ஒரு பிரெஞ்சு பென்ஷன்காரர் வீட்டிலிருந்து இந்த மோரிஸை வாங்கினார். லீவு முழுக்க அதைத் துடைத்தார். பிறகு தார்ப்பாய் போட்டு மூடி, யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஆக, வீட்டில் கார் இருந்தது. போக வர வழி இல்லை. ஆஸ்பத்திரிக்கோ, நாகூருக்கோ, மகள் நௌஷினின் பள்ளிக்கூடத்துக்கோ போக வேண்டுமென்றால் அஜீசுன்னிசா யாரையாவது கேட்க வேண்டும். "கொஞ்சம் கொண்டுபோய் விடுறீங்களா?" இந்த ஒரு வாக்கியத்தை அவர் எத்தனை பேரிடம் கேட்டிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. கேட்கப்பட்டவர் சாப்பிட்டு எழுந்து, கை கழுவி, செருப்பைத் தேடி, வண்டியில் பெட்ரோல் இல்லை என்று முனகி, ஒருவழியாகக் கிளம்புவார். அதுவரை இவர் புர்காவைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். நௌஷினைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகும் அந்த வாசல் நிற்றல் ஓயவில்லை. ஒருநாள் பல்வலியோடு நின்றார். கொழுந்தனார் மத்தியானத் தூக்கம் முடித்து வரட்டும் என்று நின்றார். அவர் எழுந்து வந்தபோது இவரைக் காணோம். வினோதா என்ற பெண் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில், வீங்கிய கன்னத்தோடு பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே தார்ப்பாய் கீழே இறங்கியது. குவைத்துக்குச் செய்தி போனதும் நூகு பாய் போனில் ஒரு வாரம் 'ம்' மட்டுமே சொன்னார்.

இந்த மோரிஸுக்குப் பெட்ரோல் பம்பு மின்சாரத்தில் ஓடுவது. சாவியைத் திருப்பியதும் பானட்டுக்குள்ளிருந்து டக்டக்டக்டக் என்று கேட்கும். பின்னால் இருக்கும் டாங்கியிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கார்புரேட்டரை நிரப்புகிற சத்தம் அது. நிரம்ப நிரம்ப டக்... டக்... என்று நிதானித்து, கடைசியில் நின்றுவிடும். "வயிறு நெறஞ்சிடுச்சு" என்பார் அஜீசுன்னிசா. பிறகுதான் ஸ்டார்ட் செய்வார். சில நாள் பம்பு டக் என்றுகூடச் சொல்லாமல் முரண்டு பிடிக்கும். அதற்கென்று இஞ்சி இடிக்கிற சின்ன உலக்கை ஒன்றை முன்சீட்டுக்கடியில் வைத்திருக்கிறார். பானட்டைத் தூக்கி, பிஸ்மி சொல்லி, பம்பின் தலையில் ஒரு தட்டு. உடனே உயிர் வந்துவிடும்.

"மிஷினை இப்படித் தட்டலாமாம்மா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒங்க ஆபீஸ்ல தட்டாம எந்த ஃபைல் அண்ணே நகந்துச்சு?" என்றார். நான் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

உலக்கைக்கும் மசியாத நாளில் நாங்கள் தள்ளுவோம். பெட்ரோல் வராத வண்டியைத் தள்ளி என்ன ஆகப்போகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. நின்ற வண்டியைப் பார்த்தால் தள்ளுவது என்பது எங்கள் ரத்தத்தில் ஊறிவிட்டது.

தொல்லை பெரிதானது அண்மையில்தான். பெட்ரோலில் எத்தனால் கலந்து வர ஆரம்பித்த பிறகு, டாங்கியின் அடியில் காலங்காலமாகத் தூங்கிக்கொண்டிருந்த துருவும் பிசினும் கிளம்பி வருகின்றன என்று மெக்கானிக் தங்கையன் சொன்னார். குப்பையைப் பிடிக்க ஒரு ஃபில்டர் போடச் சொன்னார். அஜீசுன்னிசா கடைத்தெருவில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் ஃபில்டர் வாங்கிவந்தார். கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். அடியில் சேரும் மண்ணை நாமே பார்த்துக்கொள்ளலாம். தங்கையன் அதை மாட்டினார், வண்டியும் ஒழுங்காக ஓடியது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னாலேயே இவர் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாய்ஸ் அனுப்பிவிட்டிருந்தார். "வண்டிக்கு ஒரு ஃபில்டர் வேணும், எங்க நல்லதா கெடைக்கும்?" அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் சபுரிலிருந்து, அதாவது வெளிநாட்டுப் பயணத்திலிருந்து, ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்ததை மூலையில் போடக் கூடாது. கொடுத்தவர் வீட்டுக்கு வரும்போது அது புழக்கத்தில் இருந்தாக வேண்டும். அஜீசுன்னிசா இதில் மகா கறார். சித்திரை வெயிலில் அவர் வீட்டுக் கட்டிலில் புலிப்படம் போட்ட கம்பளி விரித்திருந்தால், அதைக் கொடுத்தவர் காபி குடிக்க வந்திருக்கிறார் என்று பொருள். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கையிலும் வாட்ச் கட்டிக்கொண்டு போனார். கொடுத்த இருவருமே பந்தியில் இருந்தார்களாம். என் மனைவி பங்கஜவல்லிக்கு இது ரொம்பப் பிடிக்கும். "அவங்களைப் பாத்துக் கத்துக்குங்க, நான் வாங்கிக் குடுத்த சட்டையை ஒருநாளாவது போட்டீங்களா?" என்பாள்.

அந்த வாய்ஸுக்குப் பலன் வரத் தொடங்கியது. முதலில் துபாயிலிருந்து தம்பி சஃபியுல்லா வந்தார். கையில் ஒரு ஃபில்டர். "லாத்தா, இது சொக்கத் தங்கம்" என்றார் அக்காவிடம். மாட்டியாயிற்று. அடுத்து, நூகு பாயின் தங்கை உம்மு சல்மா, பாரீசில் இருக்கும் மகன் இஃபாத் அனுப்பியதென்று ஒன்றைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். நாத்தனார் கொடுத்ததை எப்படி மாட்டாமல் இருப்பது? மாட்டியாயிற்று. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் எதிர்வீட்டுக்கு என்ன மரியாதை என்று, சிங்கப்பூரில் இருக்கும் என் மகள் பிரதீபாவிடம் சொல்லி நானும் ஒன்று வரவழைத்தேன். அதுவும் ஏறியது. கொண்டு வந்த நாங்கள் எல்லோருமே அடுத்த தடவை பானட்டைத் தூக்கிப் பார்த்து, அவரவருடையது இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுத்தான் பிரியாணியில் கை வைத்தோம்.

தங்கையன் ஒவ்வொரு தடவையும் "ஒண்ணு போதுங்க" என்றுதான் சொன்னார்.

"வண்டிக்குப் போதும் தங்கையா, மனுசங்களுக்குப் போதாதே" என்றார் அஜீசுன்னிசா.

வண்டி முன்னைவிட அடிக்கடி நின்றது. குப்பை அதிகமாகிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். இன்னொரு ஃபில்டர் போட்டால் சரியாகும் என்றுகூட நான் சொன்னேன்.

இந்த நேரத்தில்தான் நூகு பாய் ஒரேயடியாக ஊருக்குத் திரும்புவதாகச் சொன்னார். வீடியோ காலில் அவர் முதலில் கேட்டது வண்டியைத்தான். "அதை வித்துடலாம் அஜீசு. நான் வந்து புதுசா ஆட்டோமேட்டிக் வண்டி வாங்குறேன். நான் ஓட்டுறேன், நீ பக்கத்துல சொகமா ஒக்காந்துக்க. எங்க போவணுமோ சொல்லு, கொண்டுபோய் விடுறேன்."

அவர் ஆசையாகத்தான் சொன்னார். ஆனால் 'கொண்டுபோய் விடுறேன்' என்று காதில் விழுந்ததும் அஜீசுன்னிசாவின் முகம் சுண்டிவிட்டது. அப்போது நான் அங்கேதான் இருந்தேன். பக்கத்தில் பார்ப்பதற்கே பாவமாக இருந்தது. "வண்டி நல்லாத்தானே ஓடுது" என்றார் மெதுவாக.

"ஓடுதா? தெருவே தள்ளுதுன்னு கேள்விப்பட்டேனே. சரி, ஒண்ணு பண்ணு. திருச்சி ஏர்போர்ட்டுக்கு அந்த வண்டியிலயே வந்து என்னை அழைச்சிட்டுப் போ. யாரும் தள்ளாம வீட்டு வாசலுக்கு வந்து சேந்துட்டா வண்டியும் ஒன்னுது, சாவியும் ஒன்னுது. நான் வாயே தொறக்க மாட்டேன். ஒரு தள்ளு தள்ளினாலும் மறுநாளே வித்துடுறது. சம்மந்தம் நடுவரா இருக்கட்டும். தள்ளினதுல அவருக்குத்தானே அனுபவம் ஜாஸ்தி."

நடுவர் பதவியை நான் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டேன்.

விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் கிளம்பினோம். அஜீசுன்னிசா ஓட்ட, பக்கத்தில் நான். பின்னால் உம்மு சல்மாவும், மறுபடி லீவில் வந்திருந்த சஃபியுல்லாவும். காலைக் குளிர்ச்சியில், மாட்டுவண்டியெல்லாம் முந்திப் போகாத குறையாக, நிதானமாகத் திருச்சி போய்ச் சேர்ந்தோம். நூகு பாய் இரண்டு பெரிய பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். முடி வெளுத்து, தொந்தி வைத்து, ஆனால் மாப்பிள்ளைச் சிரிப்போடு வந்தார். பெண்டாட்டியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். கைப்பையைத் திறந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தார்.

"ஒனக்குத்தான். வாய்ஸ் போட்டிருந்தியே."

உள்ளே ஒரு ஃபில்டர். உருண்டு திரண்டு, பளபளவென்று, சின்னச் செம்பு அளவுக்கு இருந்தது. "புது மாடல் பெரிய காருக்கெல்லாம் போடுறது. ஒரு தூசி தாண்டாது. இப்பவே மாட்டு" என்றார்.

அஜீசுன்னிசா என்னைப் பார்த்தார். விதிமுறையில் ஃபில்டரைப் பற்றி ஒன்றும் இல்லை என்றேன். கட்டின கணவர் சபுரிலிருந்து முதலும் கடைசியுமாக வண்டிக்கென்று கொண்டுவந்தது. கார் நிறுத்துமிடத்திலேயே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கிளிப்பை முறுக்கி, பம்பைத் தாண்டி அதை மாட்டினார். இப்போது ஐந்து. பம்புக்கு முன்னால் மூன்று, பின்னால் இரண்டு. பெட்டிகளை மேலே கேரியரில் ஏற்றிக் கட்டினோம். நூகு பாய் முன்சீட்டில் உட்கார, நான் பின்னால் உம்மு சல்மாவுக்கு இடம்விட்டு, சஃபியுல்லாவின் மடியில் பாதியும் கதவில் பாதியுமாக ஒடுங்கினேன். நடுவருக்குக் கிடைத்த மரியாதை அது.

தஞ்சாவூர் வரை பரவாயில்லை. திருவாரூரில் வெயில் ஏறியது. வண்டி விக்கத் தொடங்கியது. நாகூரில் இருமியது. நூகு பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். அஜீசுன்னிசா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். வாஞ்சூரைத் தாண்டி, நம் காரைக்கால் எல்லைக்குள் வந்து, பட்டினச்சேரிக்குத் திரும்புகிற இடத்தில் வண்டி நின்றேவிட்டது. வீட்டுக்கு இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர்தான்.

மரத்தடியில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களில் நிலவன் என்பவருக்கு வண்டியைத் தெரியும். "ஏய், நம்ம மோரிஸ் அக்கா வண்டிடா!" என்று ஒரு குரல்தான் கொடுத்தார். கண் மூடித் திறப்பதற்குள் எட்டுக் கைகள் டிக்கியில்.

"தொடாதீங்க! அல்லாவுக்காகத் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே அஜீசுன்னிசா கதவைத் திறந்து குதித்தார்.

"ஒதவிக்கு வந்த புள்ளைங்கள ஏன் வெரட்டுற?" என்றார் நூகு பாய், ரொம்ப இரக்கமாக. "நடுவர் என்ன சொல்றீங்க? கை வச்சாச்சே."

நான் இறங்கி விசாரணை நடத்தினேன். "தள்ளினீங்களா தம்பி?"

"எங்கங்க, இன்னும் தம்மே கட்டல. அதுக்குள்ள அக்கா சத்தம் போட்டுட்டாங்க" என்றார் நிலவன்.

கை வைத்தது தள்ளியதாகாது என்று தீர்ப்புச் சொன்னேன். நூகு பாய் மேல்முறையீடு செய்யப் பார்த்தார், இடம் கொடுக்கவில்லை.

அஜீசுன்னிசா சாவியைத் திருப்பினார். டக்... என்றது பம்பு. வெகுநேரம் கழித்து இன்னொரு டக். பிறகு மௌனம். "வயிறு நெறஞ்சிடுச்சே மச்சி, ஸ்டார்ட் பண்ணு" என்றார் உம்மு சல்மா. அண்ணன் மனைவியை மச்சி என்பது அவர்கள் வழக்கம். ஸ்டார்ட் ஆகவில்லை. உலக்கை வெளியே வந்தது. தட்டினார், கெஞ்சினார், இன்னொரு தட்டு தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது. இனி புர்காவைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிற காட்சி அவர் கண்முன் வந்துபோயிருக்க வேண்டும், எனக்கே வந்தது.

கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எஞ்சின் ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பீடி பற்ற வைக்கப்போன நிலவனைத் தூரமாக அனுப்பினார். பிறகு கார்புரேட்டரில் நுழைகிற ரப்பர் குழாயைப் பிடுங்கி, ஃபிளாஸ்க் மூடிக்குள் விட்டு, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். பீய்ச்சி அடிக்க வேண்டிய பெட்ரோல், ஜலதோஷம் பிடித்த மூக்கு மாதிரி சொட்டியது.

அஜீசுன்னிசா அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபில்டர்களை வரிசையாகப் பார்த்தார். அப்புறம் எங்களை வரிசையாகப் பார்த்தார்.

"வயிறும் நெறயல, ஒண்ணும் நெறயல அண்ணே. அதுக்கு மூச்சு முட்டுது. தங்கையன் அப்பவே சொன்னாரு" என்றார். "நாமதான் அது கழுத்தைப் புடிச்சிட்டு நிக்கிறோம்."

நடுவர் என்ற முறையில் என் மகள் அனுப்பியதைக் கடைசியில்தான் கழற்றுவார் என்று நினைத்தேன். முதலில் அதைத்தான் கழற்றினார். டிக்கியில் கிடந்த ரப்பர் குழாயை வெட்டி அந்த இடத்தை இணைத்துவிட்டுப் பார்த்தார். சொட்டு கொஞ்சம் வேகமானது. "லாத்தா, அது துபாய்ச் சாமான்..." என்று சஃபியுல்லா ஆரம்பிப்பதற்குள் அது அவர் கையில் இருந்தது. அடுத்தது பாரீசு. உம்மு சல்மாவின் முகம் தொங்கிப்போயிற்று.

"இஃபாத் கேட்டா என்ன மச்சி சொல்றது?"

"அலமாரியில கண்ணாடிக்குள்ள வைக்கிறேன் சல்மா. வீடியோவுல காட்டு. புள்ளை சந்தோசப்படட்டும், வண்டியும் ஓடட்டும்."

இரண்டு மிச்சம், கடைத்தெரு பிளாஸ்டிக் ஒன்று, குவைத்துப் பளபளப்பு ஒன்று. பெட்ரோல் இன்னும் நூலாகத்தான் வந்தது.

"ஒன்னோடத கழட்டு. அது வெளாட்டுச் சாமான் மாதிரி இருக்கு" என்றார் நூகு பாய்.

அஜீசுன்னிசா மறுபேச்சுப் பேசாமல் தன்னுடையதைக் கழற்றினார். நான் சாவியைத் திருப்பினேன். அதே நூல். நூகு பாய் செருமினார். எல்லோரும் வேறு வேறு திசையில் பார்த்தோம். கட்டின நாள் முதலாக நூகு பாய் கொண்டுவந்த எதையும் அஜீசுன்னிசா வேண்டாம் என்றதில்லை. அளவு சேராத செருப்பைக்கூடப் பஞ்சு வைத்துப் போட்டவர். அவர் கை அந்தப் பளபளப்பின் மேல் போய், கொஞ்சம் நின்றது. பிறகு கிளிப்பைத் தளர்த்தியது. அதை எடுத்துச் சீட்டின் மேல் வைத்துவிட்டு, தன் பிளாஸ்டிக் ஃபில்டரைப் பழைய இடத்தில் மாட்டினார்.

"திருப்புங்க அண்ணே."

டக்டக்டக்டக் என்று பம்பு வரிந்துகட்டிக்கொண்டு வேலை செய்தது. பெட்ரோல் துள்ளி வந்து மூடி நிறைந்து வழிந்தது. பட்டினச்சேரிக்காரர்கள் கைதட்டினார்கள். "பெரிய வண்டிக்குப் பெரிய பம்பு இருக்கும். இந்தச் சின்னது ஒங்க சாமானை முக்கித் தள்ள முடியலங்க" என்றார் கணவரிடம், சமாதானமாக. குழாயை மாட்டினார். டக்டக்... டக்... டக். நின்றது. இந்தத் தடவை உண்மையிலேயே வயிறு நிறைந்துதான் நின்றது. முதல் முறையிலேயே ஸ்டார்ட் ஆனது.

அரசலாற்றுப் பாலம் தாண்டி எங்கள் தெருவில் திரும்பினோம். பழக்கதோஷத்தில் நான்கு பேர் தள்ளுவதற்கு ஓடிவந்தார்கள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி விரட்டினேன். வாசலில் வண்டியை நிறுத்தி அஜீசுன்னிசா இறங்கினார். நூகு பாயும் இறங்கினார். ஆண்பிள்ளைப் பழக்கம், சாவிக்காகக் கையை நீட்டினார். அஜீசுன்னிசா அந்தக் கையில் அவருடைய ஃபில்டரை வைத்துவிட்டு, சாவியோடு உள்ளே போனார். நடுவர் தீர்ப்புக்கு அவசியமே இல்லாமல் போயிற்று.

மறுநாள் காலையில் நான் பேப்பரை விரித்தபோது, எதிர்வாசலில் நூகு பாய் நின்றுகொண்டிருந்தார். கைலி, கையில் நைலான் பை, காலில் செருப்பு எல்லாம் தயார். உள்ளே அஜீசுன்னிசா இட்லி சட்டியை இறக்கிக்கொண்டிருந்தார், அவசரப்படவில்லை. நூகு பாய் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அஜீசு... மீன் மார்க்கெட் வரைக்கும் கொஞ்சம் கொண்டுபோய் விடுறியா?"

அஜீசுன்னிசா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கேட்டது காதில் விழுந்து, எத்தனையோ வருஷம் பின்னால் போய்த் திரும்பி வந்திருக்க வேண்டும். ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். கதவைத் திறந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். டக்டக்டக்டக் என்று தெருவுக்கே கேட்டது.

"ஏறுங்க" என்றார். "அது வயிறு நெறயட்டும், போவலாம்."